இசக்கிசெல்வியின் நான்கு வருஷமும் பிரைட்டனின் பதினேழு நிமிஷமும்

பதினேழு நிமிஷம் நாற்பது விநாடி. என் தங்கை இசக்கிசெல்வியைப் பற்றி அந்த ஆவணப்படத்தில் வருவது அவ்வளவுதான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். அவள் கடற்கரையில் நின்று கடலைப் பார்ப்பது மூன்று நிமிஷம். இருட்டறையில் கம்ப்யூட்டர் வெளிச்சம் முகத்தில் விழ உட்கார்ந்திருப்பது ஐந்தரை நிமிஷம். அழுவது இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அவள் வேலை செய்வது, அதாவது ஒன்றைச் செய்து பார்த்து, பிடிக்காமல் மாற்றி, மறுபடி செய்து பார்ப்பது, நாற்பத்து நான்கு விநாடி. நான் வருவது பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடியில் நான்தான் வில்லன்.

செல்வி கம்ப்யூட்டர் கேம் செய்கிறவள். பெரிய கம்பெனியில் நூறு பேரோடு உட்கார்ந்து செய்வதில்லை. தனியாகச் செய்கிறாள். 'ஏழு பாகம்' என்பது அவள் செய்த கேமின் பெயர். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். கடலின் ஆழத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சங்கு குளிக்கிற ஒருவன் ஏழு பாகம் ஆழத்தில் முங்கி, மூச்சு முடிவதற்குள் சங்கைத் தேடி எடுத்து மேலே வரவேண்டும். கேம் அவ்வளவுதான். சுடுவது கிடையாது, வெட்டுவது கிடையாது, துரத்த ஒரு சுறா கூடக் கிடையாது. மேலே வந்ததும் ஒரு இரும்பு வளையத்தில் சங்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் நுழைந்து கீழே விழுந்தால் அது குட்டிச் சங்கு. கடலுக்கே திருப்பிப் போட வேண்டும். அதுதான் இங்கே சட்டம், கேமிலும் சட்டம்.

நாங்கள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா தூத்துக்குடி பீச் ரோட்டுக்கு அடுத்த தெருவில் ஹார்டுவேர் கடை போட்டார். படகுக்காரர்களுக்கு வேண்டிய கயிறு, போல்ட், ஷேக்கிள், பெயின்ட் எல்லாம் இருக்கும். நான் பத்தாம் வகுப்பு முடித்துக் கடைக்கு வந்துவிட்டேன். செல்வி எனக்குப் பதினோரு வயது இளையவள். பில் போட நான் வாங்கிய முதல் கம்ப்யூட்டரில், மேலிருந்து விழும் போல்ட்டுகளைச் சரியான அளவு டப்பாவில் பிடிக்கிற ஒரு விளையாட்டை அவள் ஒன்பதாவது படிக்கும்போது செய்து வைத்திருந்தாள். எட்டு எம்.எம். போல்ட்டும் பத்து எம்.எம். போல்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, திருத்து என்றேன். திருத்தினாள். அதற்கப்புறம் எஞ்சினியரிங் படித்தாள், சென்னையில் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் இருந்தாள், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். கடைக்கு மேலே இருந்த பெயின்ட் குடோனைக் காலி செய்து கொடுத்தேன். ஜன்னல் இரண்டு. காற்று நன்றாக வரும்.

அந்த அறையில் நான்கு வருஷம் நடந்ததை நான் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு மேலே போவாள். ஒரு மணிக்கு இறங்கி வந்து சாப்பிடுவாள். மூன்று மணிக்குத் திரும்ப ஏறுவாள், ஆறரைக்கு விளக்கை அணைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. முதல் ஒரு மணி நேரம் புதிதாக ஒன்றும் செய்யமாட்டாள். முந்தின நாள் செய்ததை விளையாடிப் பார்ப்பாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. எங்கே சலிக்கிறதோ அங்கே நிறுத்தி ஒரு சீட்டில் எழுதுவாள்.

தண்ணீருக்கு மட்டும் நான்கு மாதம் ஆயிற்று. முதலில் அவள் செய்த கடல் நீலமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. திரேஸ்புரத்து ஆன்டனி முப்பது வருஷமாகச் சங்கு குளிக்கிறவர், எங்கள் கடையில்தான் கயிறு வாங்குவார். அவரை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள், நானும் பின்னாலேயே ஏறினேன். அவர் ஸ்கிரீனுக்கு மூக்கு ஒட்டப் பார்த்தார்.

"என்ன பாப்பா இது, மினரல் வாட்டர் கேனுக்குள்ள எறங்குன மாதிரில்லா இருக்கு?"

"கடல் இப்படி இருக்காதாண்ணே?"

"இருக்கும். சினிமாவுல இருக்கும். கச்சான் காத்து அடிச்சா தண்ணி கலங்கி என் கையே எனக்குத் தெரியாது. தடவித்தான் எடுப்பேன். அண்ணாச்சி, ஒங்க தங்கச்சிய ஒரு நாள் வள்ளத்துல ஏத்தி விடும்."

ஏற்றிவிட்டேன். மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் வாந்தி எடுத்தாள். "கடலுக்கு நல்ல தீனி போட்டா" என்று ஆன்டனி கடையில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தார். ஆனால் அவள் திரும்பி வந்து செய்த தண்ணீரில் கலங்கல் வந்தது. காற்று மாறினால் மண் எழும்பும். இரண்டு நாள் காற்றில்லாமல் இருந்தால் மெல்ல அடங்கும். ஒரு நொடி அடி தெரியும், அடுத்த நொடி மறையும். அதைப் பார்த்த ஆன்டனி, கேமில் இருக்கிறவன் மேலே வரும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புயல் ஒன்றும் செய்தாள். ஏழு மாத வேலை. எல்லாரும் கேட்பார்கள் என்றுதான் செய்தாள். ஒரு புதன்கிழமை அதை முழுக்க எடுத்துப் போட்டுவிட்டாள். புயல் வந்தால் ஆள் சங்கைப் பார்க்கமாட்டான், புயலைத்தான் பார்ப்பான் என்றாள். அழவில்லை. மத்தியானம் இறங்கி வந்து, என் மனைவி செல்லக்கனி வைத்த சாளைமீன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

என் வேலை சரிபார்ப்பது. ஒவ்வொரு தடவை அவள் மாற்றும்போதும் கடைக் கம்ப்யூட்டரில் முழுக்க விளையாடி, தப்பை நோட்டில் எழுதிக் கொடுப்பேன். தேதி, இடம், என்ன செய்தபோது என்ன ஆயிற்று என்று. வளையம் பெரிதாக இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். ஸ்கிரீனில் அவன் கையோடு ஒப்பிட்டு வெர்னியர் வைத்து அளந்தேன். ஐம்பத்தேழு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது எழுபது வந்தது. அந்த வளையத்தில் போட்டால் பாதி நல்ல சங்கு கடலுக்குத் திரும்பிப் போயிருக்கும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு தப்பு எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டையும் திருத்தினாள்.

இதில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

படம் எடுத்தவர் பெயர் பிரைட்டன். சொந்த ஊர் தருவைகுளம். எட்டாவது படிக்கும்போது சென்னைக்குப் போனவர், ஆனாலும் எங்களோடு பேசினால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். தனியாகக் கேம் செய்கிற நான்கு பேரைப் பற்றி ஒரு படம் எடுக்கிறோம், அதில் செல்வியும் ஒருவர் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். ஒன்பது நாள் எடுத்தார்கள். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேருக்கும் ஒன்பது நாளும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

முதல் நாளே ஜன்னல் இரண்டையும் மூடிக் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். மணி காலை பதினொன்று. வெளியே உருகுகிற வெயில். உள்ளே நடுச்சாமம் ஆக்கிவிட்டார்கள். ஃபேன் சத்தம் கேட்கிறது என்று அதையும் நிறுத்தினார்கள். செல்வி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ராத்திரி வேலை பாக்கமாட்டேனே" என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு மூடுக்குத்தான்க்கா" என்றார் பிரைட்டன்.

ஆறாவது நாள் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். செல்வி கேம் செய்யத் தொடங்கிய இரண்டாவது வருஷத்தில் அப்பா இறந்துபோனார். முதல் தடவை கேட்டபோது செல்வி தேதியைச் சொன்னாள். இரண்டாவது தடவை, ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னாள். நான்காவது தடவை, அப்பா கடைசியாக அவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள். அழுதாள். படத்தில் அந்த அழுகை எங்கே வருகிறது தெரியுமா? கம்ப்யூட்டரில் ஏதோ சிவப்பு எழுத்தில் தப்புக் காட்டுகிறது, அடுத்து செல்வி அழுகிறாள். அப்பாவுக்கு அழுததைக் கேமுக்கு அழுததாக ஒட்டிவிட்டார்கள். இதைச் செய்தவர்களுக்குச் செல்லக்கனி தினமும் மூன்று வகைக் கூட்டு வைத்துப் பரிமாறினாள்.

என் பதினோரு விநாடிக்கு வருகிறேன். எட்டாவது நாள், கடையில் கல்லாவில் நின்றுகொண்டிருந்தபோது கேமராவை வைத்துக்கொண்டு, "தங்கச்சி கேம் செய்யுறதப் பத்தி என்ன நினைக்கிய அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "என்னத்த கேம்? படிச்ச படிப்புக்கு ஒரு வேலைக்குப் போவாம பொட்டி முன்னால ஒக்காந்துருக்கா. ஒண்ணுக்கும் ஆவாத வேலை. இத எவன் வாங்கப் போறான்?"

சொன்னேன், மறுக்கவில்லை. வேறு என்ன சொல்வது? வெளியாள் ஒருவன் கேட்டால், அதுவும் கையில் கேமராவோடு நின்று கேட்டால், என் தங்கை கெட்டிக்காரி, ஊரில் எவளும் செய்யாததைச் செய்கிறாள் என்று வாய் நிறையச் சொல்ல முடியுமா? யார் கண் படும் என்று யாருக்குத் தெரியும்? கொழுகொழு என்று இருக்கிற பிள்ளையை எங்கள் பக்கத்தில் சீக்காளிப் பயல் என்றுதான் சொல்வோம். கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம் இருந்தாலும், வியாபாரம் எப்படி என்று கேட்டால், ஈ ஓட்டுகிறேன் என்போம். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். ஆன்டனியிடமே நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுக்கும் ஆவாத வேலையப் போயிப் பாத்துட்டு வாரேன்" என்று மாடி ஏறுவார்.

அதைச் சொல்லி முடித்ததும் நான் கடைக் கம்ப்யூட்டரைத் திருப்பி, மூன்றாவது பார் எப்படி விளையாட வேண்டும் என்று கேமராக்காரப் பையனுக்கு இருபது நிமிஷம் காட்டிக் கொடுத்தேன். பார் என்றால் சங்கு கிடக்கிற கடலடி. எங்கே மண் கலங்கும், எங்கே திரும்ப வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். அதையும் எடுத்தார்கள். அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது, நான் குனிந்து நோட்டில் எழுதுகிற காட்சி மட்டும். அதன்மேல் ஒரு பெண் குரல் சொல்கிறது: 'கணக்கு நோட்டைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை இல்லாத குடும்பத்தில், இசக்கிசெல்வி தன் கனவைத் தனியாகவே சுமந்தார்.'

அது கணக்கு நோட்டு இல்லை. அவள் கேமின் தப்பு நோட்டு. படத்தை நிறுத்திவைத்துப் பார்த்தால் முந்நூற்று அறுபத்தெட்டாவது தப்பு என்று வாசிக்கக்கூட முடிகிறது.

படத்தின் லிங்க்கைச் செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போனுக்கு அனுப்பினாள். "பாரு" என்று மட்டும் எழுதியிருந்தாள். இது இன்னும் வெளியாகவில்லை, தப்பு ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லலாம், அதற்கப்புறம் மாற்ற முடியாது என்று அதோடு ஒரு கடிதமும் இருந்தது. 'ஏழு பாகம்' கேமை வெளியிடப் போகிற கம்பெனியும் படம் வருகிற அதே வாரத்தில்தான் வெளியிடுவதாக இருந்தது. படம்தான் விளம்பரம். ஆக, உலகம் என் தங்கையை முதன்முதலாகப் பார்க்கப் போவது இந்தப் பதினேழு நிமிஷத்தில். அண்ணன் மிதித்த பெண், இருட்டில் அழுது அழுது ஒன்றைச் செய்தாள். இதுதான் கதை.

திங்கள்கிழமை கடை திறந்ததும் பிரைட்டனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, வன்னியபெருமாள் பேசுதேன். தூத்துக்குடி."

"அண்ணாச்சி! படம் பாத்தியளா? எப்படி வந்திருக்கு?"

"நான் எப்ப தம்பி என் தங்கச்சிக்கு எதுத்து நின்னேன்?"

"நீங்க சொன்னதுதான அண்ணாச்சி. ஒரு வார்த்தை நாங்க சேக்கல."

"ஒங்க அம்மா தருவைகுளத்துலதான இருக்காங்க? வெளியாளு ஒருத்தன் ஒங்களப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவாங்க?"

சிரித்தார். "கேமராவத் தூக்கிட்டு ஊரு ஊராச் சுத்துதான், உருப்படாத பயன்னு சொல்லும்."

"அத எடுத்து ஒரு படத்துல போடுதியளா? பிரைட்டன ஆத்தாளே ஒதுக்கிட்டான்னு?"

தெரியாதவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. இவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

"அண்ணாச்சி, ஒரு கதைன்னா குறுக்க ஏதாவது நிக்கணும். மத்த மூணு பேருக்கும் இருக்கு. ஒருத்தருக்கு ஒடம்புக்கு முடியல, ஒருத்தருக்கு டைவர்ஸ், ஒருத்தரு வீட்ட வித்துட்டாரு. செல்வியக்காவுக்கு ஒண்ணுமே இல்ல. ஒம்பது நாளாத் தேடுனோம்."

"நல்லா இருக்க பிள்ளைகிட்ட என்ன சீக்குன்னு ஒம்பது நாளு தேடுனியளா? எங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு?"

"கோவப்படாதிய. ஒருத்தர் ஒம்பதரைக்கு வந்து ஆறரைக்குப் போறாருன்னு காட்டுனா எவன் பாப்பான்? அது பேங்க் வேலை மாதிரில்லா இருக்கு."

"வேலை அப்படித்தான் தம்பி இருக்கும்."

"சரி அண்ணாச்சி, நீங்க இவ்வளவு சொல்லுதிய. ஆனா செல்வியக்காவுக்கு மூணு வாரத்துக்கு முந்தியே அனுப்பியாச்சு. அவங்க பாத்துட்டாங்க. நல்லா இருக்குன்னுதான சொன்னாங்க."

போனை வைத்தேன். கடையில் படகுக்குக் கயிறு கேட்டு நின்றவரை, இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

செல்வி ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலையில் இருந்தாள். நான் நிற்பதைப் பார்த்துக் கழற்றினாள்.

"ஏளா, மூணு வாரமாப் பாத்து வச்சுக்கிட்டுச் சும்மாவா இருந்த?"

"ஆமா."

"நான் ஒன்ன மிதிச்சேன்னு சொல்லுதான். நீ நல்லா இருக்குன்னு சொன்னியாக்கும்?"

"அந்த மாதிரிப் படம் எல்லாமே அப்படித்தாண்ணே இருக்கும். நான் எத்தன பாத்திருக்கேன்! இருட்டு ரூம்பு, அழுகை, வீட்டுல சண்டை. அதப் பாத்துட்டுத்தான் நானே வேலைய விட்டேன். இங்கன வந்து முத ஒரு வருசம் எனக்குப் பயமா இருந்துச்சு. நான் ஒழுங்காத் தூங்குதேன், சாப்பிடுதேன், அழுகை வரமாட்டேங்கு. அப்ப நான் செய்யுதது நிசமான வேலை இல்லியோன்னு நெனைப்பேன்."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பெண்ணை, நீ ஒழுங்காக இருப்பதுதான் உன் குறை என்று நினைக்க வைக்கிற படங்களை எவன் எடுக்கிறான்?

"அது கெடக்கட்டும். நான் சொன்னது சும்மா சொன்னதுன்னு ஒனக்குத் தெரியும்லா? அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

செல்வி ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள்.

"தெரியும்லா?" என்றேன் மறுபடியும்.

"எப்படித் தெரியும்?"

"என்னது?"

"கடைக்கு வாரவங்ககிட்ட அப்படித்தான் சொல்லுத. மதினிகிட்ட அப்படித்தான் சொல்லுத. கேமராகிட்டயும் அதான் சொன்ன. என்கிட்ட என்ன சொல்லியிருக்க? நானூத்திப் பன்னெண்டு தப்பு எழுதிக் குடுத்த. ஒரு எடத்துலயாவது நல்லாருக்குன்னு எழுதுனியா?"

"நல்லா இருக்கதுக்கு எதுக்குளா எழுதணும்? தப்பத்தான எழுதணும்? நல்லா இல்லன்னா நான் எதுக்கு நானூறு தடவ ஒக்காந்து வெளையாடுதேன்?"

"அத நீ சொன்னாத்தான தெரியும். படத்தப் பாத்தேன். ஒருவேள அதுதான் நெசமோ, அண்ணன் மனசுல இருக்கதத்தான் சொல்லிருக்கோன்னு நெனச்சேன். அவன் தப்பாச் சொல்லுதான்னு நான் எந்த தைரியத்துல சொல்ல?"

மூன்று வாரம் அவள் இதை வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டிருக்கிறாள், என் நோட்டை வாங்கித் திருத்தியிருக்கிறாள். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. வாயைத் திறந்தால் கத்தலாகத்தான் வந்தது.

"மூணாவது பாருல, கலங்கல் அடங்கி அடி தெரியுத எடம் இருக்குல்லா, அங்கன நான் பட்டன அமுக்காம சும்மா பாத்துக்கிட்டே இருந்துருக்கேன், தெரியுமா ஒனக்கு? மூச்சு முடிஞ்சு மேல தூக்கிரும். மறுபடியும் எறங்குவேன், அதப் பாக்கதுக்கு மட்டும்! ஒருநா ஒருத்தன் பெயின்டுக்கு வந்து நின்னுட்டு, கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு வேற கடைக்குப் போயிட்டான்! நாப்பது வருசமா இந்தக் கடல் பக்கத்துல கெடக்கேன், அதுக்கு அடியில இப்படித்தான் இருக்கும்னு எனக்குக் காட்டினது நீதான்ளா! புயல நீ தூக்கிப் போட்டப்ப, எவ்வளவு பெரிய மனசு இருந்தா ஒருத்தி இதச் செய்வாள்னு நான் ஒன் மதினிகிட்டச் சொன்னேன். போயிக் கேளு! போ!"

கீழே கயிற்றுக்கு நின்றவர், "அண்ணாச்சி, எதுவும் பிரச்சினையா?" என்று கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல, பேசிக்கிட்டிருக்கேன்!" என்று அதே குரலில் கத்தினேன்.

செல்வி சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்தாள். "இதச் சொல்லதுக்கு இப்படியா சண்ட போடுவ?" என்றாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அப்பாவுக்கு அழுததை மாற்றி ஒட்டியதைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். "அதப் பாத்துட்டு நான் ரெண்டு நாள் வேலையே பாக்கல. நான் எதுவும் சொன்னா, குடும்பத்துக்காகப் பேசுதேன்னு நெனைப்பாங்கன்னு விட்டுட்டேன். இப்பச் சொல்லுதேன்."

அன்று மத்தியானமே எழுதினாள். அண்ணன் சொன்னதை எடுத்துவிட வேண்டும். அப்பாவுக்காக அழுததை எடுத்துவிட வேண்டும். இருட்டறை பொய், அதையும் எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேலையைக் காட்டுங்கள். தண்ணீர் நான்கு மாதத்தில் எப்படி மாறியது என்று ஒவ்வொரு வாரமும் நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன், எல்லாம் தருகிறேன். இதுதான் அவள் எழுதியது. என்னிடம் காட்டினாள், ஒரு தேதியை மட்டும் திருத்தினேன்.

புதன்கிழமை பிரைட்டனே காரில் வந்து இறங்கினார். கடையில் கூட்டம் இல்லாத நேரம். செல்வியைக் கீழே கூப்பிட்டேன். வந்தவருக்கு மோர் கொடுத்தோம். இவ்வளவு கோபத்திலும் அதைக் கொடுக்காமல் இருக்க எங்களுக்குத் தெரியாது.

"அக்கா, அண்ணாச்சி சொன்னது அங்கனயே கெடக்கட்டும்" என்றார் பிரைட்டன். "அத வச்சே ஒரு நல்ல முடிவு கொண்டுவரலாம். அண்ணாச்சி இப்ப கேமராவப் பாத்து, ஒங்க தங்கச்சியோட வேலைய இப்பத்தான் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் கடற்கரையில நடந்து போறிய. கட்டிப் புடிச்சுக்கிட்டா இன்னும் நல்லாருக்கும். பாக்கவன் அழுதுருவான்."

நான் மோர் டம்ளரைக் கண்ணாடி மேஜையில் வைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன்.

"முதல்ல நான் மிதிச்சேன்னு ஒரு பொய். இப்ப அதுலருந்து திருந்திட்டேன்னு இன்னொரு பொய்யா? ரெண்டுக்கும் நானே நடிக்கணுமா?"

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நல்ல பேரு வரும்."

"எனக்கு எதுக்குய்யா பேரு? படம் அவளப் பத்தியா, என்னையப் பத்தியா?"

செல்வி குறுக்கே வந்தாள். அவள் குரல் உயரவில்லை. "பிரைட்டன், நான் அனுப்புன பதிவெல்லாம் பாத்தீங்களா? தண்ணி மாறுறது."

"பாத்தேங்க்கா. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் நடக்கலியே. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா மாறுது, அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்" என்றாள் செல்வி. "நான் நாலு வருசமாச் செஞ்சது அவ்வளவுதான். அதக் காட்ட முடியாதுன்னா என்னைய எடுத்துருங்க."

"எதுலருந்து?"

"படத்துலருந்து. மூணு பேரு போதும்."

பிரைட்டன் அவளை நம்பாதவர் மாதிரி பார்த்தார். இந்தப் படம் இல்லாவிட்டால் கேமுக்கு எவ்வளவு நஷ்டம் என்று சொன்னார். எத்தனை நாட்டில் பார்ப்பார்கள் என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முந்தின நாளே செல்வி கேமை வெளியிடுகிற கம்பெனிக்குப் பேசியிருந்தாள். படம் இல்லை என்றால் கேமை ஆடி மாதத்துக்குத் தள்ளிவிடுவோம், விளம்பரத்துக்கு வேறு வழியை நீங்களே பாருங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை அவள் எனக்குச் சொன்னபோது முகம் வாடித்தான் இருந்தது. நான்கு வருஷம் உழைத்த ஒருத்தி, தன்னைப் பற்றிப் பொய் சொல்ல விட்டால்தான் நாலு பேர் பார்ப்பார்கள் என்று வைத்திருக்கிறார்களே, அதற்குத்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அழுதவன்தான் உழைத்தவன், தூங்காதவன்தான் கலைஞன், வீட்டில் ஒருவன் குறுக்கே நின்றால்தான் அது கதை. நானூற்றுப் பன்னிரண்டு தடவை ஒன்றைத் திருத்தியவளை நாற்பத்து நான்கு விநாடியில் முடித்துவிடுவார்கள்.

"நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் பிரைட்டன் என் பக்கம் திரும்பி. "சின்னப் பிள்ளை மாதிரி முடிவெடுக்காங்க."

"முப்பத்து மூணு வயசு. அவ சொல்லிட்டாள்லா?"

"நாளைக்கு வருத்தப்படுவாங்க."

"படட்டும். அது அவ வருத்தம். நீரு எழுதிக் குடுத்த வருத்தம் வேண்டாம்."

செல்வி மணியைப் பார்த்தாள். மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. "எனக்கு மேல வேலை இருக்கு. நீங்க எழுதித் தந்துட்டுப் போங்க, நான் கையெழுத்துப் போட்டு அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

பிரைட்டன் பையிலிருந்து தன் படக் கம்பெனித் தாளை எடுத்து, கண்ணாடி மேஜையில் வைத்து எழுதினார். இசக்கிசெல்வி சம்பந்தப்பட்ட எந்தக் காட்சியும், எந்தப் பேச்சும், அவருடைய குடும்பத்தார் யாருடைய உருவமும் படத்தில் இடம்பெறாது. கீழே கையெழுத்துப் போட்டார். நான் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'விளம்பரத் துண்டுகளிலும்' என்று ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். கீழே பார்த்தால் போன வருஷத்துத் தேதி.

"வருசத்த மாத்தும்" என்றேன்.

அடித்துவிட்டு எழுதப்போனார். அடித்தல் வேண்டாம், புதுத் தாளில் முழுக்க எழுதித் தாரும் என்றேன். உட்கார்ந்து எழுதினார்.